எதிர்பார்ப்பும் எதிர்நோக்கும்

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாத நடுவில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள டாலஸ் நகரில் கூடைப்பந்து இரசிகர் எவரிடமாவது, "இவ்வாண்டு பட்டம் யாருக்கு?" என்று கேட்டிருந்தால், அவர் கேட்டவரைச் சற்று வியப்போடுதான் பார்த்திருப்பார். அவர்களுடைய அணியாகிய டாலஸ் மாவரிக்ஸ் அப்பருவத்தில் ஆடிய 82 ஆட்டங்களில் 67ஐ வென்றிருந்தது. என்.பி.ஏ. என்று அறியப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் முப்பது அணிகளில் வேறெதற்கும் அவ்வாண்டு அத்தனை வெற்றிகள் இல்லை. 'பிளே-ஆஃப்' எனப்படும் இறுதிக்கட்டச் சுற்றுகளின் தொடக்கத்தில் அவர்களை எதிர்த்து நிற்க வந்தது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ்: வெற்றி 42, தோல்வி 40, மேற்குப் பிரிவில் தகுதி பெற்ற எட்டு அணிகளுள் எட்டாவது.

மே 3ஆம் நாள், ஆறாம் ஆட்டத்தோடு டாலஸ் வெளியேறியது. ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் முதலிடத்து அணியை எட்டாமிடத்து அணி வீழ்த்தியது அதுவே முதன்முறை. அதற்குப் பின் இரு வாரங்கள்கூட ஆகாத நிலையில், அப்பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது டாலசின் டிர்க் நொவிட்ஸ்கிக்கு வழங்கப்பட்டது. துக்க வீட்டுக்கு வந்து சேர்ந்த கலியாண மாலையைப் போல இருந்தது அவ்விருது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விளையாட்டுப் பக்கத்துக்கு உரிய செய்தி. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரலில் இரசிகர்கள் செய்கிற அந்த வேலையை, அதாவது தம் அணிக்குப் பட்டம் கிட்ட எவ்வளவு வாய்ப்பு என எடைபோட்டுப் பார்ப்பதை, சற்று நின்று நோக்கினால், நாம் எல்லாரும் செய்கிற ஒன்றின் தெளிவான மாதிரி அதில் கிடைக்கிறது. மருத்துவர் சொன்ன விழுக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிற்கிறவரும், மகளின் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற தாயும், தம் கையில் இல்லாத முடிவொன்றைக் கணக்கிட்டுப் பார்க்கிறவர்களே. விரும்பியது நடக்கும் என்று எவ்வளவு நம்புவது முறை? வாய்ப்புக் குறையக் குறைய, வைத்த அன்பையும் குறைத்துக்கொள்வது அறிவுடைமையா, கோழைத்தனமா? கண்ணீரோடு கேட்கப்படும் இக்கேள்விகளை, யாரும் இறந்துபோகாத ஓரிடத்தில் வைத்து ஆராய்வது சற்று எளிது. விளையாட்டு நமக்குத் தரும் சலுகை அது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கை மதியாத நம்பிக்கையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முப்பது அணிகளில் பதினாறு இறுதிக்கட்டத்துக்கு வருகின்றன. நான்கு சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை மோத வேண்டும், முதலில் நான்கை வெல்லும் அணி மேலே செல்லும். ஆகப் பட்டத்துக்குப் பதினாறு வெற்றிகள் தேவை. மிக வலிமையான ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். எந்தச் சுற்றிலும் அது வெல்ல நூற்றுக்கு 70 வாய்ப்பு உண்டு என்று வைப்போம். இரண்டு சுற்றுகளைத் தாண்டும் வாய்ப்பு 49. மூன்றைத் தாண்டுவது 34. நான்கையும் தாண்டிக் கோப்பையைத் தொடுவது 24 மட்டுமே. சுற்றுக்கு 80 என்று தாராளமாக வைத்தாலும் 41க்கு மேல் போகாது. எல்லாரும் அஞ்சுகிற அணிக்கும் பட்டம் கிட்டாமல் போகும் வாய்ப்பே மிகுதி! பதினாறு அணிகளுள் பதினைந்து தம் கடைசி ஆட்டத்தைத் தோற்றுத்தான் வீடு திரும்புகின்றன. 'இவர்களே முன்னணியில்' என்று செய்தித்தாள் எழுதும்போது இரசிகர் காதில் 'இவர்களுக்கே பட்டம்' என்று விழுந்துவிடுகிறது. எண் சொல்லாததை ஆசை சொல்லிவிடுகிறது.

இத்தகைய கணக்கு பிறந்த வரலாறே பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. இருவர் பணயம் வைத்து ஆடுகிறார்கள். ஆட்டம் முடியுமுன் நிறுத்த நேர்கிறது. பணயத்தை எவ்வாறு பங்கிடுவது? 1654ஆம் ஆண்டு பாஸ்கலும் ஃபெர்மாவும் இக்கேள்வியைப் பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். இதுவரை யார் எத்தனை வென்றார் என்பதைக் கொண்டு பிரிக்கலாகாது, ஆட்டம் தொடர்ந்தால் இனி யார் வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கொண்டே பிரிக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விடை. எதிர்காலத்துக்கு ஓர் எடை உண்டு, அதை எண்ணால் சொல்லலாம் என்ற துணிவு அங்கே பிறந்தது. இதில் இன்னொரு செய்தி எப்போதும் என்னைக் கவர்வதுண்டு. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு பாஸ்கல் ஆழ்ந்த இறை அனுபவம் ஒன்றைப் பெற்றார். அதை ஒரு தாளில் எழுதித் தம் மேலங்கியின் உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகே அது கண்டெடுக்கப்பட்டது. வாய்ப்பை அளந்த கையும், அளக்க முடியாததை நெஞ்சருகே சுமந்த கையும் ஒருவருடையதாகவே இருந்தன. கணக்கிடுகிறவர் நம்பத் தெரியாதவர் என்றும் நம்புகிறவர் கணக்கறியாதவர் என்றும் எளிதாகப் பிரித்துவிடுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

கணக்குக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 67 என்ற எண் டாலஸ் இரசிகருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. எதிரணியின் பயிற்சியாளர் டான் நெல்சன், 2005 வரை டாலசின் பயிற்சியாளராக இருந்தவர். இருபது வயதே ஆகியிருந்த நொவிட்ஸ்கியை 1998இல் ஜெர்மனியிலிருந்து டாலசுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். தம் மாணவர் எங்கே நின்றால் தடுமாறுவார் என்பது அவருக்குத் தெரியும். ஏழடி உயர வீரருக்கு எதிரே உயரம் குறைந்த, விரைந்து நெருக்கும் வீரர்களை நிறுத்தினார். அப்பருவத்தில் இரு அணிகளும் மோதிய மூன்று ஆட்டங்களிலும் வாரியர்ஸே வென்றிருந்தது. அந்த மூன்று ஆட்டங்களும் எல்லார் கண் முன்னும்தான் நடந்தன. ஆனால் 67 வெற்றிகளின் வெளிச்சத்தில் அவை கண்ணில் படவில்லை. நமக்குப் பிடித்த எண்ணை முன்னே வைத்து, பிடிக்காததைப் பின்னே தள்ளுவது எடைபோடுவது ஆகாது. தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துவதாகும்.

புனித தாமஸ் அக்குவினாஸ் எதிர்நோக்கு என்னும் உணர்வை ஆராயும்போது, அதன் பொருளுக்கு நான்கு இயல்புகளைச் சொல்லுகிறார். அது நன்மையாக இருக்க வேண்டும். இனி வரவேண்டியதாக இருக்க வேண்டும். அடைவதற்கு அரியதாக இருக்க வேண்டும். ஆயினும் அடையக் கூடியதாக இருக்க வேண்டும். எளிதில் கிடைப்பதை எவரும் எதிர்நோக்குவதில்லை. கிடைக்கவே கிடைக்காததையும் எதிர்நோக்க முடியாது. இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள குறுகிய நிலத்தில்தான் இந்த உணர்வு வாழ்கிறது. பதினாறு வெற்றிகளுக்கு ஏங்குகிற இரசிகரும் அதே நிலத்தில்தான் நிற்கிறார். அதே பகுதியில் அவர் இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறார்: இளைஞரிடமும் குடிவெறியரிடமும் எதிர்நோக்கு மிகுந்து காணப்படுகிறதா? ஆம் என்பது அவர் விடை. இளைஞருக்கு எதிர்காலம் நீளம், இறந்த காலம் குறைவு. தோல்விகளை அவர்கள் இன்னும் அறியவில்லை. குடித்தவரோ ஆபத்தையும் தம் குறையையும் எண்ணுவதில்லை. ஏப்ரல் மாதத்து விளையாட்டரங்கு ஒன்றின் வாயிலில் நின்று பார்த்து எழுதியதைப் போல இருக்கிறது! மூடர்களும் இப்படித்தான் எதையும் துணிவார்கள் என்று அங்கே அவர் சேர்த்துக்கொள்வது நம்மில் பலருக்கு உறுத்தும். அதற்கு முந்திய பகுதியிலோ, அனுபவம் எதிர்நோக்கை வளர்க்கவும் கூடும், குலைக்கவும் கூடும் என்கிறார். டாலஸ் இரசிகர்களுக்குப் பின்னால் நேர்ந்தது அதுதான்.

2006இல் அவர்கள் அணி இறுதிச் சுற்றில் மயாமி அணியை முதல் இரண்டு ஆட்டங்களில் வென்று, அடுத்த நான்கையும் தோற்றிருந்தது. அதன் மேல் 2007. பின்னர் 2008இல் முதற்சுற்றில் தோல்வி. 2009இல் இரண்டாம் சுற்றில். 2010இல் மறுபடி முதற்சுற்றில். இத்தனைக்குப் பிறகு ஏப்ரல் வந்தால் வேறொரு குரல் கேட்கத் தொடங்கியது. "இவர்களை நம்பாதே, மே மாதம் நம்மை அழ வைப்பார்கள்." கேட்பதற்கு இது முதிர்ந்த அறிவைப் போல் இருக்கும். ஊர்ப் பெரியவர் தலையசைத்துச் சொல்வதைப் போல் இருக்கும். ஆனால் கூர்ந்து பார்த்தால், அது கணக்கிட்டுச் சொல்லப்பட்ட சொல் அன்று. நூற்றுக்கு 24 வாய்ப்பை 100 என்று எண்ணிக் களிப்பவர் பொய்யர் என்றால், அதே 24ஐப் பூச்சியம் என்று சொல்லுகிறவரும் பொய்யரே. முன்னவர் ஆசையால் பொய் சொல்லுகிறார், பின்னவர் அச்சத்தால். இரண்டாவது பொய்க்கு மட்டும் உலகம் 'நடைமுறை அறிவு' என்று மதிப்பான பெயரொன்றைக் கொடுத்து வைத்திருக்கிறது. உண்மையில் அவர் செய்வது, வரப்போகும் துயரத்துக்குச் சொல்லால் கட்டும் காப்பீடு. இன்றைக்கே கொஞ்சம் கொஞ்சமாக வருந்திவிட்டால் நாளை வலி குறையும் என்று எண்ணுகிறார். நாளை மகிழ்ச்சி வந்தால் அதுவும் அவருக்குக் கொஞ்சமாகவே வரும். அந்தத் தவணையை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

2011 ஏப்ரலில் டாலஸ் 57 வெற்றிகளோடு மேற்குப் பிரிவில் மூன்றாம் இடத்தில் இருந்தது. நொவிட்ஸ்கிக்கு 32 வயது. பந்தைப் பகிர்ந்தளிக்கும் ஜேசன் கிட்டுக்கு 38. முக்கிய வீரர்களுள் ஒருவரான கேரன் பட்லர் சனவரி முதல் நாளில் முழங்காலில் அடிபட்டு வெளியேறியிருந்தார். போர்ட்லண்டுக்கு எதிரான முதற்சுற்றின் நான்காம் ஆட்டத்தில் 23 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும் தோற்றார்கள். பழைய புண் அன்றைக்கு எத்தனை பேருக்கு மீண்டும் வலித்திருக்கும்! ஆனால் அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்றார்கள். முந்திய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸை ஒரு தோல்வியும் இன்றி நான்கு ஆட்டங்களில் வீழ்த்தினார்கள். இறுதிச் சுற்றில் மீண்டும் மயாமி; இரண்டாம் ஆட்டத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் மிஞ்சியிருந்தபோது 15 புள்ளிகள் பின்தங்கியிருந்து, 95-93 என்று வென்றார்கள். ஜூன் 12ஆம் நாள் பட்டம் அவர்களுடையதாயிற்று.

அந்த அணியின் ஜேசன் டெர்ரி, பருவம் தொடங்கு முன்பே, இன்னும் வெல்லாத கோப்பையின் உருவத்தைத் தம் கையில் பச்சை குத்திக்கொண்டார். வெல்லாவிட்டால் அழித்துவிடுவதாகவும் சொன்னார். 2006இன் அந்தத் தோல்வியை அனுபவித்தவர்களுள் அணியில் எஞ்சியிருந்தோர் அவரும் நொவிட்ஸ்கியும் மட்டுமே. பட்டம் வந்ததால் இச்செயலைத் தீர்க்கதரிசனம் என்று புகழ்கிறோம். வராமற் போயிருந்தால் செருக்கு என்றிருப்போம். முடிவை வைத்து நம்பிக்கையின் தரத்தைத் தீர்மானிப்பது நியாயமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் அறியாதவர் அல்லர். தோல்வியின் முழு எடையும் தெரிந்தவர். அந்தப் பச்சை, கோப்பை வரும் என்ற கணிப்பைச் சொல்லவில்லை. தினந்தோறும் கண்ணாடியில் தம்மைப் பார்க்கும்போது அதற்காக உழைக்க வேண்டும் என்ற கடனைச் சொல்லிற்று. அக்குவினாஸ் சொன்ன 'அரியது' ஆட்டக்காரருக்கு அவருடைய உடலில் இருக்கிறது: ஓட வேண்டும், அடிபட வேண்டும், மீண்டும் எழ வேண்டும். இருக்கையில் அமர்ந்திருக்கிற இரசிகருக்கு அந்த 'அரியது' எது? அவர் ஒரு பந்தையும் எறியப் போவதில்லை. விட்டுப் போகாமல் இருப்பது ஒன்றே அவரால் செய்யக் கூடிய அரிய செயல்.

விட்டுப் போகாமலேயே விட்டுப்போவதற்கு இப்போது ஒரு வழி உண்டு. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்க முடியாதவாறு 1992 முதல் தடுத்திருந்த நடுவண் சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதற்குக் கதவு திறந்துள்ளன. இரசிகர் திண்ணையில் பேசிய 'வாய்ப்பு' இப்போது கைப்பேசித் திரையில் விலையாகத் தெரிகிறது. அதில் ஒரு வகையை மட்டும் இங்கே எண்ணிப் பார்ப்போம். சிலர் தம் அணி தோற்கும் என்றே பணம் கட்டுகிறார்கள். அணி வென்றால் மகிழ்ச்சி, தோற்றால் பணம். எப்படியும் வெறுங்கையோடு போவதில்லை.

இது காப்பீடுதானே, இதில் என்ன தவறு என்று கேட்கலாம். வீட்டுக்குத் தீக்காப்பீடு எடுக்கிறவர் வீடு எரிய வேண்டும் என்று விரும்புவதில்லையே! இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வீடு எரிந்தால் இழப்பது பொருள், கிடைப்பதும் பொருள், அதைக் கொண்டு மறுபடி வீடு கட்டலாம். அணி தோற்றால் இரசிகர் இழப்பது பொருளன்று. அந்த வருத்தத்துக்கு நூறு டாலர் என்று அவரே விலை குறித்துவிடுகிறார். கடைசி நிமிடத்தில் ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அவர் உள்ளத்தின் ஏதோ ஒரு மூலை தோல்வியின் பக்கமாகவும் எட்டிப் பார்க்கும். இரு தோணியில் கால் வைத்தவர் எதிலும் பயணம் செய்வதில்லை. சட்டம் இதைக் குற்றம் என்று சொல்லாது. யாருக்கும் தீங்கில்லை என்பதும் மெய்யே. ஆயினும் துயரத்தை விற்றுப் பழகிய மனம், விற்க முடியாத துயரம் ஒன்று வாழ்வில் வரும்போது அதைச் சுமக்கும் பழக்கமின்றி நிற்கும் என்று அஞ்சுகிறேன்.

தமிழில் 'எதிர்பார்ப்பு', 'எதிர்நோக்கு' என்ற இரண்டு சொற்களும் பார்வையைக் குறித்தே பிறந்தவை. ஆனால் திருவிவிலிய மொழிபெயர்ப்பாலும் வழிபாட்டாலும் நம் செவிக்கு இரண்டாவது சொல் தனி நிறம் பெற்றிருக்கிறது. எதிர்பார்ப்பை எண்ணால் சொல்லலாம், சான்று மாறினால் அதை மாற்ற வேண்டும், மாற்றாதிருப்பது பிடிவாதம். எதிர்நோக்கு, பார்க்கிறவர் எத்திசையில் திரும்பி நிற்கிறார் என்பதைச் சொல்லுகிறது. அதற்கு விழுக்காடு இல்லை. 24 என்று எதிர்பார்த்துக்கொண்டே முழு முகத்தோடும் எதிர்நோக்கலாம். இதைச் சொல்வது எளிது. டாலஸ் மக்கள் 2025இல் இதைக் கடினமான வழியில் சந்தித்தார்கள்.

அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாள் நள்ளிரவை ஒட்டி, அணியின் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன், லூக்கா டான்சிச் என்ற 25 வயது வீரரை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு ஆன்தனி டேவிஸ் என்ற அனுபவமிக்க வீரரைப் பெற்றார். டான்சிச் முந்திய ஆண்டில்தான் அணியை இறுதிச் சுற்று வரை கொண்டு சென்றிருந்தார். மேலாளர் சொன்ன காரணம், தற்காப்பு வலுத்தால் பட்டம் வெல்லும் வாய்ப்பு உயரும் என்பது. அதாவது அவரும் எடைபோட்டார். அவர் எடை தவறு என்று பலர் வாதிட்டார்கள். ஆனால் அரங்கின் வெளியே, நொவிட்ஸ்கியின் சிலை அருகே கூடி, சவப்பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்து ஆர்ப்பரித்த கூட்டத்தின் வேதனைக்கு விழுக்காட்டுக் கணக்கு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. அவர்கள் ஓர் இளைஞர் வளர்வதை ஆறாண்டுகளாகப் பார்த்து வந்தவர்கள். நீங்கள் நேசித்தது இவரையன்று, இவர் தரும் வாய்ப்பை. அதைவிட நல்ல வாய்ப்பு இதோ, என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதாகவே அவர்கள் உணர்ந்தார்கள்.

ஏப்ரல் 9ஆம் நாள் டான்சிச் எதிரணி உடையில் டாலசுக்கு வந்தார். ஆட்டத்துக்கு முன் அவருடைய பழைய நாள்களைத் திரையில் காட்டியபோது அவர் அழுதார். பின்னர் 45 புள்ளிகள் எடுத்தார். தம் அணி 97-112 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போதே டாலஸ் மக்கள் அவருடைய புள்ளிகளுக்குக் கைதட்டினார்கள். சில நாள்களில் அவர்கள் அணி, பிளே-ஆஃபுக்கு முந்திய தகுதிச் சுற்றோடு வெளியேறியது. மே 12ஆம் நாள், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமைக்கான குலுக்கலில் நூற்றுக்கு 1.8 வாய்ப்பே பெற்றிருந்த டாலசுக்குச் சீட்டு விழுந்தது. கூப்பர் ஃபிளாக் என்ற 18 வயது வீரர் அணிக்கு வந்தார். எவரும் கணக்கில் வைக்காத அருங்கொடை! ஆனால் பழைய காயம் அதனால் ஆறிவிடவில்லை. அடுத்த பருவத்திலும் மேலாளரை நீக்கக் கோரும் குரல் அரங்கில் ஓயவில்லை. நவம்பரில் அவர் நீக்கப்பட்டார். அவருக்கு எதிரான அந்தக் கோபம் முழுவதும் நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். பல்லாயிரம் பேர் ஒரு தனி மனிதரின் பெயரைச் சொல்லிக் கூவுவதில் எப்போதும் அச்சமூட்டும் ஒன்று உண்டு. ஒன்று மட்டும் தெளிவாயிற்று: 1.8 பலித்ததால் வந்த மகிழ்ச்சியைக் கொடுத்து, போனவரின் இடத்தை அவர்களால் நிரப்ப முடியவில்லை.

அதற்குச் சரியாக ஆறாண்டுகள் முன்பு, 2019 ஏப்ரல் 9ஆம் நாளிலும் அதே அரங்கு நிறைந்திருந்தது. டாலஸ் அப்பருவத்தில் 33 ஆட்டங்களை வென்று 49ஐத் தோற்றது. பிளே-ஆஃபுக்குச் செல்லும் வழி முன்பே அடைபட்டுவிட்டது. எடைபோட ஏதும் இல்லை. பட்ட வாய்ப்பு பூச்சியம். நாற்பதைக் கடந்த நொவிட்ஸ்கி இருபத்தோராம் பருவத்தின் முடிவில், தம் ஊர் மக்கள் முன் கடைசி முறையாக ஆடினார். கால் சரிவர வளையாத நிலையிலும் பந்தை எறிந்துகொண்டே இருந்தார்; 30 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடிந்த பின்னும் மக்கள் வெகுநேரம் எழுந்து போகவில்லை.